காபியைக் குடிக்கச் சொல்வதற்கு முன்

அன்பு மகன் சுஹைபுக்கு, ஸல்ட்டிலிருந்து உன் அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உன் மேல் நிலைக்கட்டும். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை ஹனீனும் நலம், நலம் என்றால் என் முழங்கால் நீங்கலாக நலம், முழங்காலுக்கு என்ன வந்தது என்பதும் இந்தக் கடிதத்திலேயே வரும். அங்கே வினிபெக்கில் குளிர் குறைந்ததா, குறைந்திருக்காது என்று தெரியும், இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீ வயிறு நிறையச் சாப்பிட்டு, காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொண்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அடுத்த வீட்டு உம்மு ரஷீதின் மகன் ரஷீத் உங்கள் ஊருக்குப் படிக்க வருகிறான், அவன் பெட்டியில் உனக்கு ஆலிவ் காயும் எள்ளுப் பொடியும் காய்ந்த தயிர் ஜமீத் கட்டிகளும் வைத்திருக்கிறேன், ஜமீத் கல் மாதிரி இருக்கிறதே என்று வீசிவிடாதே, இரவே ஊறப்போட்டால் காலையில் மன்ஸஃப் கறிச்சோற்றுக்குக் கரைக்கலாம். அவற்றுக்கு நடுவில் இதையும் வைக்கிறேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது. முதலிலேயே விஷயத்துக்கு வருகிறேன். தங்கை கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று ஹனீனிடம் சொன்னாயாம், காரணத்தையும் சொன்னாயாம், அவள் என்னிடம் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. போன குளிர்காலத்தில் உன் கம்பெனியை மூடி உன் வேலை போன அன்று, யாருக்கும் சொல்லாமல் முதலில் அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று போன் செய்தாயாம். நீ எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் மாஷா அல்லாஹ், ரொம்ப சந்தோஷம், அல்லாஹ் இன்னும் பெருக்கிக் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாராம். வெளிநாடு போகாதே போகாதே என்று தடுத்த மனிதர், இப்போது நேரம் பார்த்துக் குத்திக்காட்டுகிறார் என்று நீ நினைத்துக்கொண்டாய். அன்றிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் போனை வாங்கி நான் உன்னிடம் என்ன கேட்டேன் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது, சுரைக்காய்க்குள் அரிசி அடைக்கக் கற்றுக்கொண்டாயா என்று கேட்டேன். இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படி. படித்த பிறகும் வர மனமில்லை என்றால் வராதே, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். பொய், கேட்பேன், ஆனாலும் படி.

கதையை ஆகிஃபின் பிக்கப் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். மேல் தெரு ஆகிஃப், காய்கறி வண்டி ஓட்டுகிறவன், நாற்பது தாண்டியும் அம்மா இஸ்திரி போட்டுக் கொடுக்கும் சட்டையைப் போடுகிறவன், உனக்குத் தெரியாதவனா. வண்டியை மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடாமல் டீ குடிக்கப் போய்விட்டான். வண்டி தானாக இறங்கி வந்து நம் தோட்டச் சுவரை இடித்து, மாதுளை மரத்தை முறித்து, கோழிக்கூண்டின் மேல் ஏறி நின்றது. கோழிகள் பிழைத்துக்கொண்டன, ஆனால் அதற்கப்புறம் முட்டையிடுவதில் அவற்றுக்கு அக்கறை போய்விட்டது. சுவர்ப் பக்கம் நின்று ஒரு மன்னிப்புக் கேட்டால் முடிந்துபோகிற விஷயம். ஆனால் ஆகிஃபின் மாமா ஹாஜி மர்ஸூக் இருக்கிறாரே, அவர் தெரியாமல் யார் காலையாவது மிதித்துவிட்டால்கூட நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் மன்னிப்புக் கேட்பார். பெரிய மனிதர்களோடு முறையாக ஜாஹாவாகவே வருகிறோம் என்று எனக்குப் போன் செய்தார். நான் அப்போது சமையலறையில் கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்தே உன் அப்பாவிடம், சுவர் விஷயமாக ஹாஜி மர்ஸூக் ஆட்களோடு வருகிறாராம் என்று சொன்னேன். அல்லாஹ் நாடினால் என்று பதில் வந்தது. சொல்லியாகிவிட்டது என்று நானும் கத்தரிக்காயைத் திருப்பிப் போட்டேன்.

அதே சமயத்தில்தான் ஹனீனோடு மருந்துக் கடையில் வேலை பார்க்கும் யஸன், இர்பித் ஊர்ப் பையன், அவன் வீட்டார் பெண் கேட்டு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உன் அப்பாவின் தலைக்குள் அது ஒன்றுதான் இருந்தது. அன்று சாயங்காலம் மேலங்கி போட்ட ஆண்கள் வரிசையாக வீட்டுக்குள் வந்தார்கள். ஏலக்காய் காபி ஊற்றினார்கள். ஹாஜி மர்ஸூக் கோப்பையை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். பனியில் கிடந்து நீ மறந்திருப்பாய் என்று சொல்கிறேன், வந்தவர் காபியைத் தொடாமல் வைத்தால் ஒன்று கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம், வீட்டுக்காரர் காபியைக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டால் கேட்டது கொடுத்தாயிற்று, அதற்கப்புறம் வானமே இடிந்து விழுந்தாலும் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கக்கூடாது. ஹாஜி எழுந்து நின்று நீளமாகப் பேசினார், அண்டை வீட்டு உறவு, பொறுமை, பெருந்தன்மை என்று. உன் அப்பா அவர் வாய் அசைவதைப் பார்த்தார், மேலங்கிகளைப் பார்த்தார், கீழே இருந்த கோப்பையைப் பார்த்தார். ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை. ஆனால் இந்தச் சடங்கில் அவருக்குத் தெரியாத பகுதி எது, எத்தனை வீடுகளில் அவரே முன்னால் நின்று பேசியிருக்கிறார். யஸனுக்காகத்தான் ஹாஜி பெண் கேட்கிறார் என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"காபியக் குடிங்க. அவ இனிமே உங்க வீட்டுப் பொண்ணு. நகை வேணாம், சீர் வேணாம், சும்மாவே கூட்டிட்டுப் போங்க."

கோழிக்கூண்டுக்கு மன்னிப்புக் கேட்க வந்த ஆகிஃப் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டான். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், ஆனால் குடிக்கச் சொன்ன காபியைக் குடிக்காமல் இருப்பதும் மரியாதை இல்லை, அதனால் எல்லோரும் குடித்தார்கள். உள்ளே பெண்கள் பக்கத்தில் ஒரு தட்டு இனிப்போடு உட்கார்ந்திருந்த ஆகிஃபின் அம்மா, விஷயம் காதில் விழுந்ததும் குலவையிட்டாள், வருஷக்கணக்கில் தொண்டையில் காத்துக்கொண்டிருந்த குலவை அது, தெருமுனை வரை கேட்டது. ஹனீன் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. உன் அப்பா மட்டும் எல்லோரையும் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் என்ன நடந்தது தெரியுமா. உன் பெரியப்பா அபூ ஆதில் தலைமையில் நம் ஆட்கள் மேலங்கி போட்டுக்கொண்டு ஆகிஃப் வீட்டுக்கு ஜாஹா போனார்கள். நம் பெண்ணையே நமக்குத் திருப்பித் தரச் சொல்லி அங்கே போய்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஸல்ட்டில் இப்படி ஒரு ஜாஹா இதற்கு முன் போனதில்லை, இனியும் போகாமல் இருக்கட்டும். ஆகிஃப் நல்லவன், எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, ஆனா முடி வெட்டிக்கிட்டேன் என்று மட்டும் சொன்னானாம். அவன் அம்மாதான் சுவரை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்ற பேச்சோடு காபியைக் குடிக்கச் சொன்னாள். ஆக, சுவரும் நம் செலவு, கோழியும் நம் நஷ்டம், பெண் மட்டும் மிச்சம். இர்பித்காரர்களுக்கும் செய்தி போய், பெண் யாருக்காவது நிச்சயமாகிவிட்டதா என்று விசாரித்து, ஆற அமர வருகிறோம் என்று தள்ளிப்போட்டார்கள்.

நாங்கள் எல்லாரும் சிரித்துத் தீர்த்தோம், நானும்தான் சிரித்தேன், எதற்கு மறைக்க. உன் அப்பா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனால் நேராக வீட்டுக்கு வந்துவிடுவார், கல்யாணம் சாவு எதற்கும் போகவில்லை, இரண்டு ஊர்ச் சண்டையை ஒரு கோப்பைக் காபியில் தீர்த்து வைத்த மனிதர் டிவி முன்னால் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹனீனின் ஜாஹாவுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று அபூ ஆதில் ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தார், உன் அப்பா அதற்கும் தலையாட்டிவிட்டார். அதைத்தான் ஹனீனால் தாங்க முடியவில்லை. பெரியப்பா வாயால் குடுத்தா நான் போகமாட்டேன், எனக்கு அப்பன் இருக்கான் என்று சொல்லிவிட்டு, அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போனாள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன், அதுதான் நான் செய்த தப்பு.

டாக்டர் இரண்டு காதுக்கும் மிஷின் கொடுத்தார். அதை அவர் காபிக்கொட்டை டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார், போட்டால் என் பாத்திரச் சத்தம் மட்டும்தான் தெளிவாகக் கேட்கிறதாம். டாக்டர் அதற்கும் வழி வைத்திருந்தார். மிஷின் பாதி வேலைதான் செய்யும், மீதியை மனிதர்கள் செய்ய வேண்டும், திங்கட்கிழமை வகுப்புக்கு வாருங்கள், கணவன் மனைவி சேர்ந்து வாருங்கள் என்றார். வகுப்பு எடுப்பது தமாரா என்று ஒரு பெண், ஹனீனை விடச் சின்னவள் மாதிரி இருக்கிறாள். ஒவ்வொருவரிடமும் வீட்டில் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். நான் பெருமையாக, சமையலறையிலிருந்து சொல்வேன், கேட்காவிட்டால் கத்திச் சொல்வேன், அப்படியும் கேட்காவிட்டால் இன்னும் கத்துவேன் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "அத்த, அவரு செவிட்டுல பாதி உங்களோடது" என்றாள். எத்தனை பேர் முன்னால். உன் அப்பாவுக்கு அது மட்டும் மிஷின் இல்லாமலே கேட்டது, திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதிலிருந்து எனக்கு வந்தது சோதனை. இனி வேறு அறையிலிருந்து பேசக்கூடாது. நடந்து போய், முன்னால் நின்று, தோளைத் தொட்டு, அவர் திரும்பிய பிறகு, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நின்று பேச வேண்டும். டிவியை நிறுத்த வேண்டும். கத்தக்கூடாது, கத்தினால் எழுத்தெல்லாம் உடைந்து சத்தம் மட்டும்தான் போகுமாம், சாதாரணமாகக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் போதுமாம். எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் சமையலறையிலிருந்தே குடும்பம் நடத்தியவள் நான். அடுப்புக்கும் முன்னறைக்கும் நடந்து நடந்து முழங்கால் வீங்கிவிட்டது. ஆனால் மகனே, ஒன்று தெரிந்துகொண்டேன், நான் சொல்ல நினைப்பதில் பெரும்பகுதி நடந்து போய்ச் சொல்லும் அளவுக்கு உருப்படியானது இல்லை. பாதி வழியில் நின்று, இதற்காகவா என்று திரும்பிவிடுவேன். வீடு அமைதியாகிவிட்டது. உன் அப்பா தமாராவிடம் போய், வகுப்பு ரொம்ப நல்லா வேலை செய்யுது, என் பொண்டாட்டி பேசுறத நிறுத்திட்டா என்று சொல்லியிருக்கிறார்.

கத்துவதை நிறுத்தியதில் இன்னொரு லாபமும் கண்டேன். அதுவரை நாம் வீட்டுக்குள் பேசியதெல்லாம் தெருவுக்கே தெரிந்திருக்கிறது. உன் அப்பாவுக்கு மலச்சிக்கல் என்று நான் உள்ளே சொன்னால் உம்மு ரஷீத் அத்திப்பழம் கொண்டுவந்து நிற்பாள், நல்ல மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நல்ல காதுக்காரியும்தான். இப்போது எதுவும் கேட்காமல் அவள் தவித்துப்போய், உங்க ரெண்டு பேருக்கும் சண்டையா என்று விசாரிக்கிறாள். தலைப்பு சொல்லிப் பேசும் பழக்கமும் வந்துவிட்டது. தோளைத் தொட்டு, தக்காளி, என்பேன். ஓ தக்காளியா என்று அவர் தயாராவார். பிறகு தக்காளி தீர்ந்துவிட்டது என்பேன். ஒரு நாள் பதிலுக்கு அவர் என் தோளைத் தொட்டு, தக்காளி, அதையே சொல்லிக்கிட்டிருக்க, என்றார். சிரித்தோம், ரொம்ப நாளைக்குப் பிறகு ரெண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம்.

அவருக்கு வந்த பாடம்தான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. கேட்காதபோது தலையாட்டக் கூடாது. கேட்டது எவ்வளவோ அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, மீதி கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். தமாரா இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. இதில் நம் ஊரும் கூட்டுக் களவாணிதான் மகனே. யோசித்துப் பார், யார் எதைச் சொன்னாலும் நாம் அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம், அல்லாஹ் நாடினால் என்கிறோம், அல்லாஹ் பெருக்கிக் கொடுக்கட்டும் என்கிறோம். குழந்தை பிறந்தாலும் வீடு கட்டினாலும் வெயில் அடித்தாலும் இந்தப் பதில்களில் ஒன்று பொருந்திவிடும். காது சுத்தமாகக் கேட்காத ஆள்கூட இதை வைத்துக்கொண்டு ஸல்ட்டில் மரியாதையாக வாழ்ந்துவிடலாம், அவர் வாழ்ந்தார். நீ போகாதே என்று சத்தம் போட்டுச் சண்டை போட்ட காலத்தில் அவருக்குக் கேட்டது, நீ போய் ரெண்டு மூன்று வருஷத்துக்குள் குறைய ஆரம்பித்திருக்கிறது. எங்கள் யாருக்கும் தெரியவில்லை, பதில்தான் சரியாக வந்துகொண்டிருந்ததே. உன்னோடு போனில் பேச மாட்டேன் என்கிறாரே, எடுத்தவுடன் என்னிடம் நீட்டிவிடுகிறாரே, இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நானே நினைத்தேன். கோபம் இல்லை, போனில் உதட்டையும் பார்க்க முடியாது, ஒன்றும் கேட்காது, கேட்டது போல ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டார். புரிகிறதா சுஹைப், உன்னிடம் ரொம்ப சந்தோஷம் என்று சொன்ன அதே வாய்தான் ஆகிஃபுக்கு ஹனீனைக் கொடுத்தது.

கடைசியில் இர்பித்காரர்கள் வந்தார்கள், போன வெள்ளிக்கிழமை. அவர்கள் சார்பில் பேச ஒரு ஓய்வுபெற்ற பாஷாவைக் கூட்டி வந்தார்கள், ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்தவர், மீசை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. உன் அப்பா முந்தின நாளே சோபாக்களை எல்லாம் இடம் மாற்றினார், தனக்கு ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார், வந்தவர்கள் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று. டப்பாவிலிருந்து மிஷினை எடுத்துக் காபி வாசனையோடு காதில் மாட்டிக்கொண்டார். அபூ ஆதிலைக் கூப்பிட்டு, நீ எனக்குப் பக்கத்துல உக்காரு, பேசாம உக்காரு என்றார். நானும் ஹனீனும் கதவு இடுக்கில் நின்றோம், என் முழங்கால் வலியெல்லாம் அப்போது எங்கே போனதோ தெரியாது. இவர் மறுபடியும் தலையாட்டிவிட்டால் அபூ ஆதில் வாயைத் திறந்துவிடுவார், அதற்கப்புறம் இந்த மனிதர் எந்தச் சபையிலும் தலை தூக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பாஷா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கவிதை மாதிரி ஆரம்பித்தார், மலை, ஓக் மரம், முன்னோர் என்று போய்க்கொண்டே இருந்தது. உன் அப்பா தலையாட்டவில்லை. கையைத் தூக்கினார்.

"பாஷா, மன்னிக்கணும். எனக்குக் காது குறைஞ்சுபோச்சு. கொஞ்சம் நேரா வந்து உக்காந்து மெதுவா சொல்லுங்க. போன தடவ ஒண்ணும் கேக்காம என் பொண்ணக் குடுத்துட்டேன், திருப்பி வாங்க இன்னொரு ஜாஹா போக வேண்டியதாப் போச்சு."

நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாஜி மர்ஸூக்தான் முதலில் சிரித்தார், பிறகு மொத்த அறையும் சிரித்தது, ஆனால் அது முன்பு நாங்கள் அவரை வைத்துச் சிரித்த சிரிப்பு இல்லை, அவரே பரிமாறிய சிரிப்பு. பாஷா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி சொன்னார், இந்தத் தடவை மலை மட்டும் இருந்தது, மரத்தை விட்டுவிட்டார். உன் அப்பா, மலை வரைக்கும் கேட்டது பாஷா, உங்கள் மீசை அழகாக இருக்கிறது, அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்றுதான் தெரியவில்லை என்றார். பாஷா விரலால் மீசையை ஒதுக்கிக்கொண்டு, உங்கள் மகள் ஹனீனை எங்கள் பையன் யஸனுக்குக் கேட்கிறோம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்தார். எந்த ஜாஹாவும் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை, வகுப்புக்குப் போக வேண்டியது இந்த ஊரின் பேச்சாளர்கள்தான். ஹனீன், யஸனுக்கு, சரியாகக் கேட்டேனா என்று அவர் திருப்பிச் சொன்னார். சரி என்றார்கள். எல்லோரும் காபிக்காகக் காத்திருக்க, அவர் கதவுப் பக்கம் திரும்பி, எந்த அப்பனும் சபையில் செய்யாததைச் செய்தார். ஹனீனைக் கூப்பிட்டார். வெளிச்சத்துல நில்லும்மா, நீ சொல்றத உன் வாயப் பாத்துக் கேக்கணும் என்றார். அவள் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்று, சம்மதம்ப்பா என்றாள், கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அவருக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் காபியைக் குடிக்கச் சொன்னார். காபி ஐஸாக ஆறிப்போயிருந்தது, பாஷா முகம் சுளிக்காமல் குடித்தார். கிளம்பும்போது அவர் உன் அப்பாவை ஓரமாகக் கூட்டிப் போய் அந்த வகுப்பு எங்கே நடக்கிறது என்று ரகசியமாக விசாரித்தார். என்ன சொன்னீங்க, கேக்கல, முகத்தப் பாத்துச் சொல்லுங்க என்று உன் அப்பா கேட்க, அந்த ரகசியம் அறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு நான் அவர் முன்னால் போய் நின்று தோளைத் தொட்டேன். தலைப்பைச் சொன்னேன். சுஹைப், என்றேன். டிவியை அவரே நிறுத்தினார். ஊரே அவரை உன் பெயரைச் சொல்லித்தான் அபூ சுஹைப் என்று கூப்பிடுகிறது, மிஷின் வருவதற்கு முன்னாலும் அந்தப் பெயருக்கு மட்டும் அவர் திரும்பாமல் இருந்ததில்லை. குளிர்காலத்தில் நீ போனில் சொன்னதையும், அவர் உனக்குச் சொன்ன பதிலையும், ஹனீன் சொன்னபடியே மெதுவாகச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார், சரியாகக் கேட்டேனா என்று பார்த்துக்கொள்ள. வேலை போயிருச்சு. என்கிட்டச் சொன்னான். நான் சந்தோஷம்னு சொன்னேன். மிஷினைக் கழற்றுவார் என்று நினைத்தேன், கழற்றவில்லை.

"உம்மு சுஹைப், அன்னைக்கு என் பையன் சொன்னத நான் கேக்கல. அத இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."

போன் செய்து கேளுங்களேன் என்றேன். சும்மா கேட்கக்கூடாது, தப்பு செய்தவன் முறையாகக் கேட்க வேண்டும், அங்கே போக நம்மிடம் விசா இல்லை, போனிலேயே ஜாஹா போகிறேன் என்றார். பாஷாவைக் கூப்பிடட்டுமா என்று நான் கிண்டல் செய்தேன். யாரும் வேண்டாம், என் பையனிடம் நானே கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

ஆகையால் நான் சொல்வதைக் கேள். பெட்டியை உன்னிடம் சேர்த்ததும் ரஷீத் எனக்குச் செய்தி அனுப்புவான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவர் போன் முன்னால் உட்காருவார், உனக்கு விடிகாலையாக இருக்கும், ஒரு நாள் சீக்கிரம் எழுந்தால் ஒன்றும் ஆகிவிடாது. வீடியோவில் வா. ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளாதே, போன தடவை என் கண்ணுக்கு நீ கறுப்பு நிழலாகத்தான் தெரிந்தாய், விளக்கை உன் முகத்துக்கு நேராக வைத்துக்கொள். மீசையைக் கொஞ்சம் வெட்டிக்கொள். நடந்துகொண்டே பேசாதே, மென்றுகொண்டே பேசாதே, கத்தாதே. அவர் கேட்கவில்லை என்று சொன்னால் சலித்துக்கொள்ளாமல் வேறு வார்த்தையில் சொல், போகட்டும் விடுங்கள் என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதே, அந்த ஒரு வார்த்தைதான் அவரை டிவி முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது என்று தமாரா சொன்னாள். இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டதே, பழைய கதை எதற்கு என்றும் சொல்லாதே. போன வேலையைப் பற்றித்தான் அவர் கேட்க வேண்டும் என்கிறார். தலைப்பைச் சொல்லிவிட்டு, அன்று சொன்னதை முதலிலிருந்து சொல்.

அல்லாஹ் உன்னைக் குளிரிலிருந்தும் தனிமையிலிருந்தும் காக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் நிலைக்கட்டும், கல்யாண வீட்டில் உன் தங்கைக்குப் பக்கத்தில் உன்னைக் கொண்டுவந்து நிறுத்தட்டும். ஆலிவ் ஜாடியைத் திறந்ததும் மேலே எண்ணெய் ஊற்றி வை, மறந்துவிடாதே. இன்னொன்று, அன்று உன் அப்பாவுக்கு முன்னால் ஒரு கோப்பைக் காபி இருக்கும். அவர் அதைத் தொடாமல் கீழே வைத்திருப்பார். என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும், முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து சொல், ஆறிய காபி அவருக்குப் பிடிக்காது.

உன் வரவுக்காகக் காத்திருக்கும் அம்மா,
உம்மு சுஹைப்